பனையில் இருந்து விழ வேண்டிய கதாநாயகன்

உரும்பிராயில் புகையிலைத் தோட்டம் செய்த பஞ்சலிங்கத்துக்கு 1936இல் வயது இருபத்தேழு. குரல் நல்லது, குடும்பம் அதைவிட நல்லது என்று பேர். அந்த ஆண்டு அவருக்கு இரண்டு யோகம் சேர்ந்து வந்தன. அளவெட்டி நமசிவாயத்தின் மகள் ஞானாம்பிகையைப் பேசியிருந்தார்கள். நமசிவாயம் தலைவராக இருந்த சமரச நாடக சபையில் கதாநாயகன் வேடமும் கிடைத்தது. ஞானாம்பிகையைக் கோயிலில் மூன்று தரம் கண்டிருந்த பஞ்சலிங்கத்துக்கு வேறு எந்தப் பெண்ணின் சாதகமும் பொருந்தாது என்பது உறுதியாகியிருந்தது.

நமசிவாயம் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். சாதி ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டு கருத்து இல்லை. என்றைக்கு என்பதில் மட்டும் அவசரப்படமாட்டார்.

நாடகத்தின் பெயர் 'தாழ்ந்தவன் கண்ணீர் அல்லது மரம் கேட்ட நியாயம்'. கதாநாயகன் கள்ளுச் சீவும் தொழிலாளி. மேடையில் நட்ட பதினாலடிப் பனங்குற்றியில் ஏறி, உச்சியில் நின்று, "ஏறுகிறவனின் பிறப்பை இந்த மரம் கேட்கிறதா?" என்று முழங்க வேண்டும். ஜனவரி 18ஆம் திகதி உரும்பிராயில் நடந்த முதல் ஆட்டத்தில் பஞ்சலிங்கம் மூன்றடி ஏறிச் சறுக்கி, மரத்தின் அடியில் இருந்தபடியே அதைக் கேட்டார். முந்நூறு பேர் சிரித்தார்கள்.

"தம்பி, உதென்ன சறுக்குமரமோ?" என்றார் நமசிவாயம். "சனம் அழவேண்டிய இடத்திலை சிரிக்குது. ஆரிட்டையெண்டாலும் பழகிக்கொண்டு வாரும்."

பஞ்சலிங்கம் இளையதம்பியிடம் போனார். இளையதம்பி ஐம்பது வயதுக்காரர். அந்த ஊர்ப் பனைகளில் முப்பத்திரண்டு ஆண்டு ஏறியவர். ஜனவரி 20 முதல் பெப்ரவரி 29 வரை நாற்பத்தொரு நாள் காலையில் பழக்கினார். கால்களைப் பிணைக்கும் தளைநாரையும் அவரே திரித்துக் கொடுத்தார்.

"நயினார், மரத்தை உப்பிடிக் கட்டிப்பிடியாதையுங்கோ. அது உங்கடை பொம்பிளை இல்லை. கால் தளைநாருக்குள்ளை நிக்கட்டும், மிச்சத்தை மரம் பாக்கும்."

மார்ச் 14இல் கரவெட்டியில் இரண்டாம் ஆட்டம். பஞ்சலிங்கம் அணில்போல ஏறினார். கதிரைகளில் இருந்த இருபத்துநாலு பேரும் கண்ணைத் துடைத்தார்கள். பாயில் இருந்தவர்கள் விம்மினார்கள். நாடகம் யாரைப் பற்றியதோ அவர்கள் பின்னால் இழுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். அங்கே நமசிவாயத்தின் ஐம்பத்திரண்டு நிமிடத் தலைமையுரை கேட்காது. அந்த ஒரு சலுகை அவர்களுக்கு இருந்தது.

அழுது முடித்தவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள்.

"உது பழகின கால் இல்லை. ரத்தத்திலை வந்த கால்."

"கொப்பாட்டன் ஆராம்?"

உரும்பிராயில் அவர் சறுக்கியதை யாரோ நினைவூட்டினார்கள். "அப்ப மறைச்சவன்" என்று அதற்கும் விடை தயாராக இருந்தது. பிறப்பைக் கேட்காத மரத்தைப் பார்த்துவிட்டு வந்த சனம், மூன்று நாளில் பஞ்சலிங்கத்தின் பிறப்பை நாலு தலைமுறைக்குத் தோண்டிவிட்டது.

நமசிவாயம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீர் உப்பிடி ஏறினால் சனம் என்ன நினைக்கும்?"

"நீங்கள்தானே ஐயா பழகச் சொன்னனீங்கள்."

"பழகச் சொன்னனான். பழகினது காலிலை தெரியச் சொன்னனானோ?" நமசிவாயம் குரலைத் தாழ்த்தினார். "அளவெட்டியிலை ஆடேக்கை நீர் நடுமரத்திலை சறுக்கி விழும். எங்கடை சனம் கண்ணாலை காணட்டும். வைகாசியிலை கலியாணத்துக்கு நாள் வைப்பம். விழாட்டிப் பேச்சை இதோடை விடுவம்."

"நாடகம் சமத்துவத்தைப் பற்றினதெல்லோ ஐயா?"

"அதைத் தலைமையுரையிலை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் விழுற அலுவலைப் பாரும்."

மே 9, சனிக்கிழமை, பின்னேரம் ஆறேகால் மணி. அளவெட்டியில் முன்வரிசைக் கதிரைகளில் நமசிவாயத்தின் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஞானாம்பிகை. கயிற்றுக்கு அப்பால், தன் மாணவனைக் காட்டுவதற்கு ஆறேழு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு இளையதம்பி.

எட்டடி உயரத்தில் பஞ்சலிங்கம் விழப் பார்த்தார். முடியவில்லை. ஒரு காலைத் தளர்த்தினால் மற்றக் கால் தானாக இறுகியது. இன்னொருமுறை முயன்றார்; கைகள் மரத்தை விடவில்லை. நாற்பத்தொரு நாள் பழக்கம் உடம்புக்குள் போய்விட்டிருந்தது. ஞானாம்பிகை இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். குனிந்து, தளைநாரைக் காலிலிருந்து உருவிவிட்டார்.

விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. திரைக்குப் பின்னால் பாடம் சொல்லிக்கொடுப்பவர், வசனம் மறந்துவிட்டதாக்கும் என்று பதறி, அடியை எடுத்துக் கொடுத்தார். பஞ்சலிங்கம் விழுந்து கிடந்தபடியே அதைச் சொன்னார்: "ஏறுகிறவனின் பிறப்பை இந்த மரம் கேட்கிறதா?"

முதலில் கை தட்டியவர் நமசிவாயம். சொந்தக்காரர் முகமெல்லாம் தெளிந்தது. "நல்ல இடத்துப் பிள்ளைதான்" என்று ஒருவர் மற்றவரின் தோளைத் தட்டினார். அன்றைய தலைமையுரை ஐம்பத்தெட்டு நிமிடம். மே 27இல் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மே 18 காலை, பஞ்சலிங்கத்தின் வீட்டுப் படலையடியில் இளையதம்பி வந்து நின்றார். உள்ளே தாய் இரத்தினம்மா பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தா. பஞ்சலிங்கம் கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்தார்.

"நயினார், ஒண்டு கேக்க வந்தனான். எங்கடை ஆக்கள் சிரிக்கினம். இவன் பழக்கின வடிவைப் பார் எண்டு. இவன் திரிச்ச நாரை நம்பி இனி ஆர் ஏறுறது எண்டும் கதைக்கினம். நார் பிழைச்சதோ?"

பஞ்சலிங்கம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நார் பிழைக்கேல்லை. காலும் பிழைக்கேல்லை. நான்தான் கழட்டினனான்."

"நானும் கண்டனான். உங்கடை வாயாலை கேக்க வேணும்போலை இருந்தது." இளையதம்பி தோளிலிருந்த துண்டை உதறினார். "உதை எங்கடை ஆக்களுக்கு ஒருக்கால் வந்து சொல்லுவியளோ?"

பஞ்சலிங்கம் நிலத்தைப் பார்த்தார். "கலியாணம் முடியட்டும்."

"ஓம் நயினார். அதுக்குப் பிறகு பிள்ளை பிறக்கும். பிறகு பிள்ளைக்குக் கலியாணம் பேசுவினம்." இளையதம்பி சிரிக்கவில்லை. "நான் போட்டு வாறன்."

உள்ளே வந்து இருந்துவிட்டுப் போ என்று சொல்லப் பஞ்சலிங்கத்துக்கு வாய் வந்தது. நாடகமாக இருந்தால் சொல்லியிருப்பார். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவர் படலையைச் சாத்தி, நல்ல கையால் கொளுக்கியை மாட்டினார்.