பிள்ளையார் முதலில் ஓடிய நாள்

ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம். பாண் வேகும் வாசனை படியேறி வந்து, கேட்காமலே நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் மூன்று பேர்: நான், என் சிநேகிதன், பூண்டுலோயாவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு தங்கச்சி. தேயிலைத் தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், அதாவது கொழுந்து மடுவத்தில், பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை நிறுக்கும்போது, எடையைப் பெரிய திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். தோட்டத்துத் தொரைக்கு அது பிடித்துவிட்டால் பேக்கரி மாடி எங்களுக்கு நிலைக்கும். பிடிக்காவிட்டால் மாடியைப் பூட்டிவிட்டு மூவரும் கொழும்புக்கு இறங்கவேண்டியதுதான். தங்கச்சிக்கு வெள்ளவத்தையில் போர்டிங்கூடப் பார்த்தாகிவிட்டது. நானோ, மூடுபனி வந்து முகத்தைத் தடவினால்தான் விடிந்ததென்று நம்புகிறவன்.

மென்பொருள் என்று ஒருமையில் சொல்கிறேன்; உண்மையில் அது ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. ஒரே கூரை, பல காம்பரா. ஒவ்வொரு காம்பராவும் ஒரு ப்ராஜெக்ட். ஒன்று தராசிடம் எடையைக் கேட்டு வாங்கும். அடுத்தது அதைத் திரையில் காட்டும். இன்னொன்று தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பும். இந்த வீட்டு அடுப்புக்கு அந்த வீட்டு நெருப்பு, அந்த வீட்டுக் கறிக்கு இந்த வீட்டு உப்பு. யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், நாங்கள் மென்பொருள் எழுதப் பயன்படுத்தும் கருவி அந்த ஒழுங்கிலேயே ஒவ்வொருவரையும் தட்டி எழுப்பித் தயார்செய்யும். ஆனால் ஓடவிடும் பச்சை அம்புக்குறியை அழுத்தியதும் யார் ஓடவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

வேலை தொடங்கிய அன்று தங்கச்சி பிடிவாதமாக நின்றாள்.

"பிள்ளையார் சுழி போடாம எப்பிடிண்ணே தொடங்குறது?"

வரிசையின் தலைமாட்டில் அவருக்கென்றே ஒரு ப்ராஜெக்ட் கட்டினாள். ஓடவிட்டால் பிள்ளையார் படம் வரும், மணி அடிக்கும், அவ்வளவுதான். வேதக்காரனான என் சிநேகிதன் விடவில்லை.

"அப்ப எங்க மாதாவுக்கு ஒரு காம்பரா இல்லியா?"

"கட்டுங்கண்ணே, யாரு வேணாங்குறா?"

அவன் சோம்பேறி. கட்டவில்லை.

நாளடைவில் எல்லாக் காம்பராக்களும் பிள்ளையாரை நம்பியிருப்பதாக ஆகிவிட்டதால், பொதுச் சாமான்களையும் அங்கேயே வைக்கத் தொடங்கினோம். தமிழ் எழுத்துரு, தேதி காட்டும் விதம், திரையின் பச்சை நிறம். கோயில் மூலையில் யாரோ மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் போவதில்லையா, அப்படி.

காட்டவேண்டிய நாள் வந்தது. என் பழைய கணினி தோட்டப் பாதையின் குலுக்கலைத் தாங்காதென்று சிநேகிதனின் புது லெப்டொப்பில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு போனோம். மடுவத்தில் பகல் நிறுவை. கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசை. தொரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பச்சை அம்பை அழுத்தினேன்.

திரை நிறையப் பிள்ளையார். மணி அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"என்னா தம்பி, சாமி வந்துட்டாரு. நிறுவை எப்ப வரும்?" என்றார் வரிசையின் முன்னால் நின்ற அக்கா.

"சாமியே தராசுல ஏறிட்டாரு போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மோதகம் தின்ன ஒடம்புல்ல, நிறுக்க நேரமாவும்!"

மடுவம் சிரித்தது. தொரை சிரிக்கவில்லை.

"மச்சான், நம்ம ஆபீசுல ஓடுச்சேடா," என்றான் சிநேகிதன்.

அப்போதுதான் உறைத்தது. யாரை ஓடவிடுவது என்ற விஷயத்தை அந்தந்தக் கணினி தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்; மற்றதற்குச் சொல்லாது. எங்கள் கணினிகளுக்கு எப்போதோ சொல்லிவிட்டோம். புது லெப்டொப்புக்கு யாரையும் தெரியாது. வரிசையில் தலைமாட்டில் இருந்தவரை ஓடவிட்டது.

"சாமிய எடுத்துருவோம்," என்றான் சிநேகிதன். "ஏய், நீ வச்சது, நீயே எடு."

"ஐயோ, நான் மாட்டேன்," என்று தங்கச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்க எடுங்கண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆமா, ரெண்டு பக்கத்து சாமிகிட்டயும் அடி வாங்குறதுக்கு நான்தான் கெடச்சேனா?"

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். மறுகணம் லெப்டொப் முழுக்கச் சிவப்பு. எழுத்தைக் காணோம் என்றது ஒரு காம்பரா, தேதியைக் காணோம் என்றது இன்னொன்று. லயமே ஒப்பாரி வைத்தது.

"சொன்னேன்ல, சாமியோட வெளயாடாதீங்கன்னு," என்றாள் தங்கச்சி.

அது சாமி குற்றமில்லை, நாங்கள் சாய்த்துவைத்த மண்வெட்டிகள். அதை விளக்க அது நேரமா? அவரை மறுபடி அதே இடத்தில் குடியேற்றினேன். பிறகு ஓடவேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் திறந்தேன். ஒருவருக்குமேல் ஓடவிடலாம். முதலில் தராசு, அதன் பின்னால் திரை, அதன் பின்னால் ஆபீஸ். பிள்ளையாருக்கு நேரே 'வேண்டாம்'. நம்பியிருப்பவர்களுக்காக அவர் இருக்கட்டும், ஓடவேண்டியதில்லை.

அழுத்தினேன். முன்னால் நின்ற அக்கா சாக்கைத் தராசில் வைத்தார். சுவரளவு பச்சை இலக்கம் எரிந்தது. அண்ணாந்து பார்த்தார், சாக்கைப் பார்த்தார், மறுபடி அண்ணாந்தார்.

"அடியே, கண்ணாடி இல்லாமயே தெரியுதுடி!"

வரிசை கலைந்து எல்லாரும் திரைமுன்னால் குவிந்துவிட்டார்கள். தொரை மட்டும் அசையவில்லை. எனக்கு வெள்ளவத்தைக் கடல்காற்று காதில் கேட்டது.

"அந்தப் பிள்ளையார் எங்க?" என்றார் அவர், தோட்டத்தில் பழகிய தமிழில்.

"நிப்பாட்டிட்டோம் சார்."

"ஏன் நிப்பாட்டுறது? கணதெய்யோ இல்லாம வேல தொடங்குறதா?" சிங்களவருக்குப் பிள்ளையார் கணதெய்யோ. ஏதோ முனகியபடி ஒரு கணம் கைகூப்பினார். "அவர போட்டுட்டு, நாளைக்கே வந்து இத இங்க மாட்டிக் குடுங்க."

தங்கச்சி என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

இப்போது அந்த மடுவத்தில் மணிச் சத்தத்தோடுதான் நிறுவை தொடங்குகிறது. பிள்ளையாரும் மற்றவர்களும் சேர்ந்தே ஓடுகிறார்கள். அவர் எழுந்திருக்கும்வரை தராசு காத்திருப்பதில்லை. போர்டிங் அம்மாவிடம் தங்கச்சி வரவில்லையென்று சொல்லிவிட்டாள். பாண் வாசனை வழக்கம்போல் நாற்காலி இழுக்கிறது. சிநேகிதன் ஒருவழியாக மாதாவுக்குக் காம்பரா கட்டிவிட்டான்.

"வரிசையில கடைசியா கட்டியிருக்கேன்டா மச்சான்," என்றான். "முதல்ல கட்டினா அவங்க ஓடிருவாங்க."