போகிறவர் கையில் ஒரு பார்சல்

குறிகட்டுவான் இறங்குதுறையைப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறேன். பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கச்சான்கடலை விற்கிறவரைக் கேட்டேன். "வந்தால் தெரியும்" என்றார். நின்று காத்திருக்கலாம். எனக்கு அது வராது. நயினாதீவில் அக்கா வீட்டிலும் இரண்டு இரவுதான் தங்கினேன், மூன்றாவது இரவுக்கு அவள் பாய் விரிக்க முன்னம் வெளிக்கிட்டுவிட்டேன். "இருந்திட்டுப் போவன், உனக்கு என்ன அவசரம்?" என்று கேட்டாள். அவசரம் ஒன்றுமில்லை. அவசரமில்லாமலே நான் இந்த வயது வரை பல இடங்களை விட்டு வெளிக்கிட்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நடக்கிறார். தோளில் துணிப்பை. காற்று கடலிலிருந்து அடிக்காமல் எதிர்ப்பக்கமாக அடிப்பதால் அந்தப் பையின் மணம் நேரே என் மூக்குக்கு வருகிறது. வறுத்த மல்லி, மிளகு, சீரகம், அதற்குமேல் மஞ்சள். மிளகாய் இல்லை. மிளகாய் சேராத தூள் என்றால் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற பத்தியக் கறிக்கான சரக்குத்தூள் அது.

இந்த மணத்தால்தான் எனக்கு முதுமாணிப் பட்டம் கிடைக்காமல் போனது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானே பல பேருக்குச் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

நான் ஒழுங்காகப் படித்தவனல்ல. சாதாரண தரப் பரீட்சை வரை மூன்று பள்ளிக்கூடங்கள். ஒன்று தீவில். மற்ற இரண்டும் இடம்பெயர்ந்து இருந்த இடங்களில், அதில் ஒன்றுக்குக் கூரை இல்லை. உயர்தரம் எழுதவில்லை. பிறகு தெற்கில் ஒரு ஊரில் எங்கள் தீவு ஆட்களின் கடையில் சாமான் கட்டிக் கொடுத்தேன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கொள்கலன்களுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். அங்கே ஒரு கொள்கலனைத் திறந்தபோது உள்ளே முழுக்க ஏலக்காய். அன்று பின்னேரம் வரை நின்ற எல்லாருடைய சேட்டிலும் பாயாசம் மணத்தது. கொழும்புக்குத் திரும்பி, சுங்கத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற ஒரு கந்தோரில் சேர்ந்தேன். இரவு வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளோமா எடுத்தேன். டிப்ளோமாவையும் வேலை அனுபவத்தையும் சேர்த்து ஒரு நிறுவனம் என்னை முதுமாணி வகுப்பில் ஏற்றுக்கொண்டது. பாடநெறியின் பெயர் சர்வதேச வர்த்தகமும் அபிவிருத்தியும். சனி, ஞாயிறு வகுப்பு.

கூடப் படித்தவர்கள் வங்கி முகாமையாளர்கள், அமைச்சுகளில் இருந்தவர்கள். எல்லாரும் ஒரே கதிரையில் மணிக்கணக்காக இருக்கப் பழகியவர்கள். நான் இடைவேளைக்கு முன்னமே இரண்டு தரம் தண்ணீர் குடிக்க எழும்புவேன். மூன்றாம் தரம் எழும்பும்போது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் மாதத்தில் ஒரு கோட்பாடு படித்தோம். ஒவ்வொரு நாடும் தனக்கு இலகுவாக வருவதைச் செய்து விற்று, மற்றதை வாங்கினால் எல்லாருக்கும் நன்மை என்பது அதன் சாரம். எங்கள் தீவுக்கு இலகுவாக வருவது எது என்று யோசித்தேன். தண்ணீர் உவர். மண் மெல்லியது. எங்களுக்கு இலகுவாக வந்தது ஊரை விட்டு வெளிக்கிடுவதுதான். அதை எந்த நிரலில் எழுதுவது?

இதிலிருந்துதான் என் ஆய்வுத் தலைப்பு வந்தது. விமானத்தில் போகிறவர்களின் பெட்டிகளில் தீவுகளிலிருந்து என்ன போகிறது, எப்படிப் போகிறது. பனங்கிழங்கு இடித்த ஒடியல்மா, கருவாடு, மிளகாய்த்தூள், அம்மன் கோயில் குங்குமம். இவை எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வராது. எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் திருகோணமலைப் பெண், கலாநிதிப் பட்டம் பெற்றவர், அதிகம் சிரிக்காதவர். தலைப்பைப் பார்த்து, "நல்லா இருக்கு. ஆனா கதை வேண்டாம், தரவு வேணும்" என்றார்.

தரவுக்காகத் தீவுக்குப் போனேன். கைத்தொலைபேசியில் பதிவு செய்வதற்கு ஆயத்தம், கேட்க வேண்டிய கேள்விகள் மனப்பாடம். படகில் பக்கத்தில் இருந்தவர் என்ன அலுவல் என்று விசாரித்தார். வெளிநாட்டு வியாபாரம் பற்றிப் படிக்கிறேன், அதற்காகச் சிலரைச் சந்திக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான். நான் அக்கா வீட்டில் முகம் கழுவி முடிய முன்னம், நான் வெளிநாடு போகப்போகிறேன் என்ற செய்தி வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"எப்ப பயணம் தம்பி?" என்று கேட்டார் முன்வீட்டு அண்ணை.

"பயணமில்லை அண்ணை, படிக்கிறன்."

"ஓம் ஓம். படிப்பு விசாதானே இப்ப எல்லாரும் எடுக்கினம்."

"கொழும்பிலைதான் படிக்கிறன்."

"சரி, கொழும்பெண்டே வைச்சுக்கொள்ளுவம்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

எங்கள் பக்கத்தில் புதிதாக வெளிநாடு போகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாதே என்று ஏஜென்சிக்காரன் எச்சரிப்பான், கண்ணூறு படும் என்று தாயும் எச்சரிப்பாள். காலையில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவன் மறுநாள் கிணற்றடியில் இல்லையென்றால்தான் அயலுக்குத் தெரியும். அதுவரை கேட்கிறவர்களுக்கெல்லாம் இல்லை என்பதே பதில். ஆகவே நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல என் பயணம் உறுதியாகிக்கொண்டே போனது. நான் கேள்வி கேட்கப் போன வீடுகளில் தேத்தண்ணீரோடு பார்சலும் வந்தது. அனலைதீவுக்குப் போனால் எனக்கு முன்னமே கதை போய்விட்டது. நெடுந்தீவில் ஒருவர் போத்தலில் பசுநெய் கொண்டுவந்து, "சுவிசுக்குத்தானே?" என்றார். எல்லாவற்றையும் ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கொடுத்தேன். கோபித்தார்கள். மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டு தங்களிடம்தான் வாங்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது தவமணி அக்காவிடம் மட்டும்தான். என் அக்காவின் பள்ளிக்கூடச் சிநேகிதி. கணவன் இல்லை. ஒரே மகள் பாரிசில், முதல் பிள்ளை பெற்றுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மகளோடு போய் நிற்க இவர் இரண்டு தரம் விசாவுக்கு விண்ணப்பித்து, இரண்டு தரமும் இல்லை என்று வந்துவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் பெண் துணை யாருமில்லை. நான் திரும்பும் நாள், படகடிக்கு ஒரு பொதியோடு வந்து நின்றார். துணியால் சுற்றி, துணிக்குமேல் பொலித்தீன், அதற்குமேல் சணல் கயிறு.

"அக்கா, நான் உண்மையாப் போகேல்லை" என்றேன்.

"நீர் போகாட்டியும் போற ஆள் ஆரும் உமக்குத் தெரியும்தானே."

"பாரிசிலை லாச்சப்பல் கடையளிலை இந்தத் தூள் இருக்கு அக்கா."

"இருக்கும். கடைக்காரன் அதை ஆரின்ரை பிள்ளைக்கெண்டு வறுத்தவன்?"

படகோட்டி, "ஏறும் தம்பி, வாங்கிக்கொண்டு ஏறும், காத்து மாறுது" என்று சத்தம் போட்டார்.

"விசா எனக்குத்தானே இல்லையெண்டவங்கள். தூளுக்கு இல்லையெண்டு சொல்லேல்லையே" என்றார் தவமணி அக்கா. "முப்பத்தொண்டுக்குள்ளை போகவேணும் தம்பி. அதுக்குப் பிறகு அவளுக்குக் குடுத்து என்ன? கொண்டுபோற ஆளை அவளையும் ஒருக்காப் பாக்கச் சொல்லும். சுகமெண்டுதான் ரெலிபோனிலை சொல்லுறாள். குரலாலை எனக்கு ஒண்டும் பிடிக்கேலாமல் கிடக்கு."

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளை பெற்ற தீட்டு நீங்குகிற நாள். அதுவரைதான் அந்தச் சரக்குக்கு முழு வேலை. பொதியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினேன்.

கொழும்பில் விடுதி விடுதியாக விசாரித்தேன். அப்போதெல்லாம் வெள்ளவத்தையில், விமானம் ஏற முன்னம் எங்கள் ஆட்கள் தங்குகிற விடுதிகள் சில இருந்தன. மாடிப்படியில் ஏறும்போதே பெட்டிக்கு ஒட்டுகிற பிசின் நாடாவை இழுத்துக் கிழிக்கிற சத்தம் கேட்கும். யாராவது ஒருவர் பெட்டிமேல் குந்தியிருப்பார், இன்னொருவர் பூட்டுவார். பாரிஸ் போகிறவர் ஒருவரும் அகப்படவில்லை. இலண்டன் போனார்கள், ரொறன்ரோ போனார்கள். தவமணி அக்கா என் அக்காவின் தொலைபேசியிலிருந்து எடுப்பார். பொதியைப் பற்றிக் கேட்க மாட்டார். "சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். அது இன்னும் மோசம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஒரு விடுதி முகாமையாளர் அழைத்தார். "ஒரு அனலைதீவு ஆள் இண்டைக்குப் பாரிசுக்குப் போறார். தேப்பன்ரை திவசத்துக்கு வந்தவர். மத்தியானத்துக்கு முன்னம் வாரும், எயார்போட் வான் வந்திடும்."

அந்தச் சனிக்கிழமைதான் என் ஆய்வு முன்மொழிவைக் குழுவின் முன் வைக்க வேண்டிய நாள். அதில் தேறினால்தான் ஆய்வு, ஆய்வு முடிந்தால்தான் பட்டம். பட்டம் வந்தால் கந்தோரில் எனக்கு ஒரு மேசை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். முன்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டேயிருந்தார்கள். என் பை கதிரைக்குக் கீழே. குளிரூட்டிய அறை, யன்னல்கள் பூட்டு. பொலித்தீனையும் துணியையும் தாண்டி மணம் மெல்ல மேலே வந்தது. பக்கத்தில் இருந்த வங்கி முகாமையாளர் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்தார்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் எழும்பி வந்து எனக்குப் பின்னால் குனிந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். மகள், விசா, வான், எல்லாம் சேர்த்து நாலு வசனம்.

"உங்கட முறை இன்னும் வரல்ல. இப்ப எழும்பினா அடுத்த வருசம்தான். குழு காத்திராது."

"தெரியும்."

"என்னோட சின்னப் பிள்ளைக்கு எங்கட அம்மா வறுத்தது. அதுக்குப் பிறகு இந்த மணம் கேட்டதில்ல" என்றார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கதிரைகளுக்கு இடையில் நின்றவர், நான் போக வழி இருக்கிற மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கினார்.

விடுதிக்குப் போனபோது வான் வாசலில் நின்றது. அனலைதீவுக்காரருக்குப் பெயர் சிவம். கொக்கியில் தொங்குகிற தராசில் கடைசித் தரமாகப் பெட்டியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலாது தம்பி, பாரம் சரியாப் போச்சு" என்றார் நிமிராமலே.

"பத்தியத்தூள் அண்ணை. பிள்ளை பெத்த பெட்டைக்கு."

"எந்த இடம்?"

"நயினாதீவு. தவமணி அக்கான்ரை மகள்."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் வடிவாத் தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

அவர் பெட்டியைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கொழும்பில் புதிதாக வாங்கியிருந்த சப்பாத்துச் சோடியை எடுத்து முகாமையாளரிடம் நீட்டினார். "உமக்கு அளவோ பாரும். அங்கை வாங்கலாம்." சப்பாத்து இருந்த பள்ளத்தில் பொதி போனது. விலாசத்தைக் கேட்டு வாங்கினார். "எங்கடை வீட்டிலை இருந்து தூரம்தான். ஞாயிறு மனுசியையும் கூட்டிக்கொண்டு போய்க் குடுக்கிறன். பெட்டையைப் பாத்திட்டுத் தாயோடையும் கதைக்கிறன், நம்பரைத் தாரும்."

அவர் போனார், குடுத்தார், கதைத்தார். தவமணி அக்கா அதைப் பிறகு எனக்குச் சொன்னபோது தூளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் மெலிந்துபோய்க் கண் குழிவிழுந்து இருந்தாளாம். சிவத்தின் மனைவி அன்று வீட்டுக்குத் திரும்பவில்லையாம். துடக்குக் கழியும் வரை அங்கேயே நின்று சமைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிக்க வார்த்திருக்கிறார். அதுவரை ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

இதையெல்லாம் தரவு என்று எப்படி எழுதுவது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அடுத்த வருடம் திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை, அந்தக் கதிரைக்கு நான் திரும்ப மாட்டேன் என்று படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது. மேசை தருவதாகச் சொன்ன கந்தோருக்கும் போகவில்லை.

வெள்ளவத்தையில் அந்த விடுதி இருந்த இடத்தில் இப்போது உடுப்புக் கடை. போகிறவர்கள் தங்கள் உடுப்போடு மட்டும் போகிறார்கள். பொதி கொண்டுபோகச் சொல்லி யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் "கார்கோவிலை போடுங்கோ" என்பார்கள். தவமணி அக்காவுக்குப் பேரப்பிள்ளைகள் மூன்று. பொதி எங்கே நிற்கிறது என்று தொலைபேசியிலேயே பார்க்கிறார். பார்சல் தொலைவதில்லை, சொன்ன கிழமையில் சேருகிறது. பார்சலோடு வந்து ஒரு நேரம் இருந்து சாப்பிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துச் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

அப்படியான கார்கோக் கடைகளில் முதலில் திறந்தவற்றில் ஒன்றில்தான், சிவம் விமானம் ஏறிய மறுநாள் காலை நான் வேலைக்குச் சேர்ந்தேன். காலி வீதியில் நடந்துகொண்டிருந்தபோது பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வேலணை ஆள்.

"என்ன படிச்சனீர்?"

"முதுமாணி. பாதியிலை விட்டிட்டன்."

"நல்லது. முழுக்கப் படிச்சவை இஞ்சை நிக்கமாட்டினம். அந்த மேசையைத் துடையும்."

துடைத்து முடிய முன்னம் முதல் ஆள் வந்துவிட்டார். ஊர்காவற்றுறைப் பக்கத்து அம்மா. கையில் ஒடியல்மாப் பொதி, ரொறன்ரோவில் இருக்கிற மகனுக்கு. பொதியைத் தராமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் தம்பி கொண்டுபோறது?"

"கப்பலிலை போகும் அம்மா."

"அங்கை?"

"கொம்பனி ஆள் வீட்டு வாசலிலை குடுக்கும்."

"அந்த ஆள் உள்ளுக்குப் போய் அவனைப் பாக்குமோ?"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"தராசிலை வையுங்கோ அம்மா" என்றேன்.