துருப்பிடித்த கிட்டார்

புதுக் கிட்டாருக்குத் துருப்பிடித்த இரும்பு போல பெயிண்ட் அடிப்பதில் என்ன அழகு? எனக்குத் தெரியவில்லை.

மகள் ஆசைப்பட்டாளென்று திண்டிவனத்தில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் கொடுத்திருந்ததை இன்று வாங்கினேன். சாக்கடை மூடியே தோற்றுவிடும், அப்படியொரு துரு.

"பத்து வருஷத் துரு மேடம், நாலே நாள்ல கொண்டாந்துட்டேன்!" என்றார் பெருமையாக.

விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டார். "தள்ளி வச்சிக்கினு வாம்மா, கறை ஒட்டிக்கும்."

எனக்கும் தொட அருவருப்புதான்.

ஞாயிறு திருவிழாப் பூசையில் மகள் அதைத்தான் வாசிக்க வேண்டும். மாலை ஒத்திகை முடிந்ததும் மாதா கோயிலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் சேர்த்த குறிப்பு: மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதை உப்புத்தாளால் தேய்த்து, கோயில் கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய சில்வர் பெயிண்டை அடித்துவிட்டார்.

"திருவிழா அதுவுமா துருவோட எப்பிடிங்க வாசிக்கும் பாப்பா?"

பாப்பா அழுதுகொண்டிருக்கிறாள். துருவைத் திரும்ப வரவழைக்க யாருக்காவது வழி தெரியுமா?