கோட்டைத் தாண்டிப் போய் மகளைக் கூட்டி வந்தேன்

அம்மன் அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என் மகள் தலையில் அடிபட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் பயந்த பயத்தை இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. திருவிழா மலரில் எழுது, நாலு பேர் படிக்கட்டும் என்று கோயில் கமிட்டியில் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் சன்னாசி. ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து விடுகிற வேலை. மனைவி பாக்கியம் கொழுந்து பறிக்கிறாள். ஒரே மகள் தர்ஷினி. அப்போது வயது பதினெட்டு. எனக்குப் பேச்சு குறைவு. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டால் "ஐயா" என்பேன். அதற்கு மேல் மேலிடத்து ஆட்களிடம் நான் வாய் திறந்தவன் இல்லை.

மகளுக்குப் பந்து நன்றாக வரும். தோட்டத்துப் பையன்களோடு விளையாடிப் பழகியவள். பதுளையில் ஒரு கல்லூரியில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து டீம் இருந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாம். உயர்தரம் படிக்க அங்கே இடம் கிடைத்தது. விடுதியில் விட்டோம். நன்றாக விளையாடினால் போலீஸ் டீமில் எடுப்பார்கள், அரசாங்க வேலை என்றார்கள். எங்கள் லயத்து வீடுகளில் யாரும் அரசாங்க வேலைக்குப் போனதில்லை. அந்த ஆசையில் விழுந்தேன்.

சேர்த்த அன்று கோச் சேரைப் பார்த்தேன். வெற்றிலை அடுக்குக் கொடுத்துக் கும்பிட்டேன். பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்வதை நானும் சொன்னேன்.

"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சேர். ஏன்னு கேக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "அத என்கிட்ட விட்டுருங்கய்யா" என்றார்.

என் அப்பாவும் என்னைப் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லித்தான் விட்டார். மரியாதைக்குச் சொல்வது. ஒருவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன வருசம் ஆனி மாதம் பௌர்ணமிப் போயா லீவுக்கு மகள் வந்தாள். உதடு வெடித்திருந்தது. இரண்டு கெண்டைக்காலும் நீலம் பாய்ந்து கிடந்தது. பாக்கியம் எண்ணெய் போடப் போனாள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டாள்.

"பந்து பட்டதும்மா."

"பந்து வரிசையா நாலு எடத்துல படுமாடி? இது கம்புத் தடம்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பிந்தி ஓடினால் கம்பு. தோற்றால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் கிடையாது. கோச் சேர் போத்தல்களை நிரப்பி மதில் மேல் வரிசையாக வைத்திருப்பார். பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். யாராவது வலிக்குது என்றால் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துக் கைதட்டச் சொல்வார், நல்ல நடிப்பு என்று.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

"தீ மிதிக்கிறவங்க பச்சத் தண்ணி பல்லுல படாம நிக்கிறாங்க. நானும் நின்னுருக்கேன். ஒடம்பு என்ன கெட்டா போச்சு? நீயும் விரதம்னு நெனச்சிக்க."

பாக்கியம் எண்ணெய்ப் போத்தலை டொக்கென்று வைத்தாள். "விரதம் நாமளா இருக்கிறதுங்க. அவன் தண்ணிய பறிச்சு வைக்கிறது விரதமா? எந்த சாமி கேட்டுச்சு?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு" என்றேன்.

திரும்பிப் போகிற அன்று பஸ் நிற்கிற இடத்தில் மகள் கேட்டாள். "அப்பா, நான் போகலன்னா கோவிப்பீங்களா?"

"ஏறு. பஸ் போயிரும்" என்றேன்.

ஏறினாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

ஆடியில் பள்ளிக்கூட லீவு. டீம் பிள்ளைகளுக்கு மட்டும் லீவு இல்லை, கேம்ப். அந்த மாதம் பதுளைப் பக்கம் மழையே இல்லாமல் காற்று மட்டும் அடித்தது. மண் வெந்தது. கேம்ப் தொடங்கினதும் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாலு நாள் மகளின் குரல் கேட்கவில்லை. கோச் சேருக்கு எடுத்துக் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. கோபித்துக்கொண்டு பிள்ளையைப் போட்டு அடிப்பாரோ என்று பயம். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. மலையில் கத்தியோடு நிற்கிறேன். தெரியாத நம்பர். எடுத்தேன். மகளோடு விடுதியிலும் டீமிலும் இருக்கிற நிரோஷா, பசறைப் பக்கத்துப் பிள்ளை. சமையல்கார அம்மாவின் போனில் பேசினாள்.

"மாமா, ஒடனே வாங்க. நேத்து தர்ஷினி கோல் கம்பத்துல தல மோதி விழுந்துட்டா. ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. காலையில சப்பாத்த வலது எடது தெரியாம கால் மாத்தி போடுறா மாமா. சேர் அவ நடிக்கிறான்னு சொல்லி ஓட விட்டிருக்காரு. நான் பேசினது தெரிஞ்சா என்னயும்..."

போன் நின்றுவிட்டது.

கத்தியை அப்படியே செடியில் கொத்திவிட்டு இறங்கினேன். கங்காணி மேலே இருந்து கத்தினார். "அடே சன்னாசி! எங்கடா போற? துரை வர்ற நேரம்டா!" திரும்பிப் பார்க்கவில்லை. காலில் செருப்பு இல்லை என்பது பஸ்ஸில் ஏறின பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனது. எனக்கு உடம்பு நடுங்கியது. மகள் இருக்கிறாளா இல்லையா என்று ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. அங்கே போய் அந்த மனிதர் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டேன். "ஆத்தா, சாமியாடுறவங்க வாயில எல்லாம் வந்து பேசுற. நான் ஒன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு ஒரு தடவ என் வாயில வா. என் புள்ளய நான் கேட்டு வாங்கணும்." பதுளை வரும் வரைக்கும் இதையேதான் சொன்னேன்.

மைதானத்துக் கேட் திறந்திருந்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் வெயிலில் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மதில் மேல் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. மகள் கடைசியில் வந்தாள். ஓட்டம் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் பயந்தபடியே கை தானாகக் கட்டிக்கொண்டது.

"சேர்" என்றேன்.

"அடடே, வாங்கய்யா. மகள் நல்லா நடிக்கிறா. சினிமாவுக்குத்தான் அனுப்பணும்."

"அவளுக்குத் தலையில அடி பட்டிருக்காம்."

"யார் சொன்னது?" பிள்ளைகள் பக்கம் திரும்பினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு என்னிடம், "நீங்கதானேய்யா வெத்தல வச்சு சொன்னீங்க, கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிக்கச் சொல்லி? ஏன்னு கேக்க மாட்டேன்னீங்க. இப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னது பொய் இல்லை. என் வாயால் சொன்னதுதான். மனசுக்குள் ஆத்தா ஆத்தா என்றேன். சாமி வந்தால் உடம்பு ஆடும், உறுமும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நடுக்கம் நின்றது, அவ்வளவுதான். கட்டின கை கீழே இறங்கியது. சாதாரணமாகப் பேச்சு வந்தது.

"சொன்னேன் சேர். அது என் தப்பு. சொன்னத இப்ப திருப்பி எடுத்துக்கிறேன். என் புள்ளய குடுங்க."

"கோட்டத் தாண்டி உள்ள வந்தா அவளுக்கு டீம்ல இடம் இல்ல. யோசிச்சுக்குங்க."

யோசிக்கவில்லை. தாண்டிப் போனேன். மகளின் கையைப் பிடித்தேன். கொதித்தது. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு ரவுண்டுதான் சேர். ஓடிர்றேன். அடிக்காதீங்க."

நான் அவள் அப்பா. என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். அந்த இடத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த நிமிசம் என் தோளில் சரிந்தாள்.

தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம். நிரோஷா. "ஏய், நீ எங்க போற?" என்று அவர் கத்துவது கேட்டது. அவள் நிற்கவில்லை. ஓடிப் போய் ஆட்டோவை மறித்ததும் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எப்ப ஐயா பிள்ளைக்கு அடிபட்டது?"

"நேத்து."

"நேற்றோ? ஏன் நேற்றே கொண்டு வரேல்லை?"

நடந்ததை எல்லாம் நிரோஷா சொன்னாள். டாக்டரம்மா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. இப்ப வெட்டத் தேவையில்லை. ரெண்டு மூண்டு நாள் பாப்பம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா, ஐயா, நான் வேற கதைதான் சொல்லியிருப்பன்."

பெண்கள் வார்டில் மகள் பக்கத்தில், சேதி கேட்டு வந்த பாக்கியம் இருந்தாள். ஆம்பிளை நான் பார்வை நேரத்தில்தான் போகலாம். மற்ற நேரம் கீழே சீமெந்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் யாராவது இறங்கி வந்தால் எனக்குத்தான் செய்தி என்று எழுந்து நிற்பேன். வழக்கமாக நான் நேர்த்தி வைப்பேன். இதைக் கொடு, காவடி எடுக்கிறேன், தீ மிதிக்கிறேன் என்று. அந்தத் தடவை ஒன்றும் வைக்கவில்லை. பேரம் பேச வெட்கமாக இருந்தது. "தப்பு பண்ணினவன் நான், ஆத்தா. அவள விட்டுரு" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாள் கல்லூரியில் இருந்து ஒருவர் வந்தார். மெதுவாகப் பேசினார். விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பிள்ளையின் இடமும் போகாது, பேரும் கெடாது என்றார். பேனாவையும் கொடுத்தார். எனக்கு மறுபடி பயம் வந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் படிப்பையே நிறுத்துவார்களோ? நிரோஷாவை என்ன செய்வார்கள்? பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "கம்பத்துல மோதினா சேர். அப்புறமும் ஓட விட்டாங்க. அப்படி எழுதிக் கொண்டாங்க, போடுறேன்" என்றேன். அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் பார்வை நேரம். மேலே போனேன். மகள் கண் திறந்திருந்தாள். பாக்கியம் பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"அம்மா, தண்ணி குடிக்கலாமா? சேர் திட்ட மாட்டாரா?"

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் வந்து தலையாட்டினார். கரண்டியால் கொடுத்தோம். நான் கொடுத்தேன். மூன்று கரண்டி குடித்துவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கீழே பார்த்தாள்.

"என்னப்பா, டவுனுக்கு வெறுங்காலோடயா வந்தீங்க? மானமே போச்சு."

அப்பா என்றாள். வெளியே போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அழுதவன் இல்லை.

பிறகு கல்லூரியில் விசாரணை நடந்தது. டாக்டரம்மா எழுதினது அங்கே போயிருந்தது. முதலில் நிரோஷா எழுந்து சொன்னாள். அவளைப் பார்த்துத் துணிந்து இன்னும் ஐந்து பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு பிள்ளைக்குக் கை முறிந்ததே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியும். அந்த அப்பாவும் என்னைப் போலவே வெற்றிலை கொடுத்து விட்டவர். அந்தக் கோச் இப்போது அங்கே இல்லை. வேறு எங்கேயோ பழக்குகிறார் என்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குப் பயம் போகவில்லை.

மகள் தேறிவிட்டாள். சில நாளில் தலைவலிக்கும். ஒரு வருசம் பந்தைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். படிக்கிறாள். போலீஸ் வேலையைப் பற்றி நான் இப்போது பேசுவதில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கை கால் ஓடாது. ஆனால் இப்போது கேட்கிறேன். "எங்க வலிக்குது? எப்ப இருந்து?" என்று கேட்கிறேன். முன்பு கேட்டதே இல்லை.

அம்மன் என் மகளைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு முன்னால் எனக்கு வாயைக் கொடுத்தாள். பிள்ளை வலிக்குது என்று சொன்னால் நம்புங்கள். அதட்டி பஸ் ஏற்றாதீர்கள். பெரிய ஆள் முன்னால் நிற்கப் பயமாக இருந்தால் அம்மனிடம் கேளுங்கள். அதட்டிப் பழகிய எனக்கே கொடுத்தவள், உங்களுக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டாள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நிரோஷா இன்னும் அதே மைதானத்தில்தான் விளையாடுகிறாள். காட்டிக் கொடுத்தவள் என்று சிலர் அவளோடு பேசுவதில்லையாம். தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். இந்தத் திருவிழாவில் அர்ச்சனைத் தட்டுக் கொடுக்கும்போது உங்கள் பிள்ளைகளோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நட்சத்திரம் எனக்குத் தெரியாது. பூசாரி கேட்டால், அம்மனுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள்.