தங்கசாமியின் வெறும் வயிறு

மோகனூர்ப் பக்கத்தில் தங்கசாமியை அவசரக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. கரும்பு வண்டியோடு ஆலை வாசலில் பகல் முழுக்க நிற்கச் சொன்னாலும் நிற்பார். யாராவது முந்திக்கொண்டு போனால், "போகட்டும், அவனுக்கு என்ன தலை போற வேலையோ" என்று விட்டுவிடுவார். மாடு வாங்குவதென்றாலும் கிணற்றை ஆழப்படுத்துவதென்றாலும் நாலு பேரைக் கேட்டு, நாலு நாள் ஆறப்போட்டுத்தான் கை வைப்பார். மனைவி பாவாயிக்கு இதில் தீராத எரிச்சல். அப்படிப்பட்ட மனுஷர் தன் ஆயுளில் ஒரே ஒரு காரியத்தில்தான் அவசரப்பட்டார்.

அதற்கு முன்னால் அவருடைய அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் சென்னிமலை எழுபத்தாறாம் வருடம் மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலில் கால் கழுவக் குனிந்தார்; அப்புறம் நிமிரவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள். வயது நாற்பத்து நாலு. அவருக்கு ஒரே மகள். பங்காளிகள் கூடி, வருஷம் திரும்புவதற்குள் அவளைத் துறையூர்ப் பக்கம் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்துக் கையைக் கழுவிக்கொண்டார்கள். "அப்பன் இல்லாத புள்ளைக்கு இதுக்கு மேல ஆரு பாக்கறது" என்று ஒருவர் சொல்ல, தலையாட்டியவர்களில் தங்கசாமியும் இருந்தார். அந்தத் தலையாட்டலை அவர் மறக்கவே இல்லை.

எண்பத்து மூன்றில் தங்கசாமிக்கும் நாற்பத்து நாலு ஆயிற்று. ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. நாமக்கல்லில் டாக்டர் சண்முகவேல் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் அண்ணன் கதையைக் கேட்டதும் சீட்டு எழுதினார்.

"சேலத்துல நல்ல லேப் இருக்குது. ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பாத்துரலாம். காலைல வெறும் வயித்தோட போகோணும், மறந்துறாதீங்க."

தங்கசாமி அதற்கும் கணக்குப் போட்டு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை. பெருமாளுக்கு எப்படியும் அன்றைக்கு ஒருசந்தி விரதம் இருப்பார். ஒரே பட்டினியில் சாமிக்கும் ஆயிற்று, டாக்டருக்கும் ஆயிற்று என்று தன் கெட்டிக்காரத்தனத்தை அவரே மெச்சிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சேலத்துக்குப் பஸ் ஏறி, ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தங்கை செல்லாயி வீட்டில் தங்கினார்.

அந்தப் பக்கத்து ஒருசந்திக்கு ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் பூஜை முடிகிறவரை சோறு தொடக்கூடாது, அவ்வளவுதான். பாலும் பழமும் தேங்காயும் யார் கணக்கிலும் வராது. அண்ணன் ஒருசந்தி என்றால் தங்கை சும்மா விடுவாளா? காலையில் பெரிய சொம்பு நிறையக் கெட்டிப் பாலில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். நாலு வாழைப்பழம். அரை மூடித் தேங்காயைத் துருவி, வெல்லம் போட்டு ஒரு கிண்ணம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றோடு தங்கசாமி லேப்புக்குப் போனார்.

"வெறும் வயிறுதானுங்களே?" என்று ரத்தம் எடுப்பவர் கேட்டார்.

"ஆமாங்க. இன்னைக்கு ஒருசந்தி."

அவரும் தலையை ஆட்டிவிட்டு ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ரத்தத்தை மெஷினில் சுற்றி எடுத்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. மற்றவர்களுடைய குழாய்களில் மேலே தெளிந்து நின்றது நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. தங்கசாமியுடையது மட்டும் மோர் போலக் கலங்கியிருந்தது.

"இதென்னங்க இப்படி இருக்குது?"

"கொழுப்புங்க. ரிசல்ட்டை டாக்டருகிட்டக் காட்டுங்க, அவர் சொல்லுவாரு."

டாக்டர் சொல்வதற்கு ஊரில் இல்லை. தாயாரைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போயிருந்தார். தீபாவளிக்குத்தான் வருவார் என்றார்கள்.

தாளைப் படித்தது மகள் சாரதாமணி. நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். "டிகிரி முடிச்சுட்டுத்தான் கலியாணப் பேச்சு" என்று சேர்த்துவிட்ட அன்றைக்கு வாக்குக் கொடுத்தவர் தங்கசாமியேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் இரண்டு எண்களின் மேலும் விரலை வைத்துச் சொன்னாள்.

"கொலஸ்ட்ரால் எரநூத்தி எட்டு. அது இதுல போட்டிருக்கற அளவுக்குள்ளதான் இருக்குதுங்கப்பா. டிரைகிளிசரைடு நானூத்திப் பன்னெண்டு. நூத்தி அறுவதுக்குள்ள இருக்கோணும்னு போட்டிருக்குது."

அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்துவிட்டு அவள் கேட்டாள். "பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம இருந்தீங்களாப்பா?"

"ஒருசந்தியன்னைக்கு ஆராச்சும் சாப்பிடுவாங்களா சாமி?"

அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. ஒருசந்தி என்ற பிறகு பாலைப் பற்றிக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. அளவுக்கு மேல் இரண்டரை மடங்கு என்பது மட்டும் இருவருக்கும் புரிந்தது. பாவாயிக்குச் சொல்ல வேண்டாம் என்று தகப்பன் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து தங்கசாமி வேறு ஆளாகிவிட்டார். வாய்க்காலில் குனியப் பயந்தார். சாப்பாடு இறங்கவில்லை. தான் போன பிறகு பங்காளிகள் கூடி உட்காருவதும், யாரோ ஒருவர் வாயைத் திறப்பதும், மற்றவர்கள் தலையாட்டுவதும் கண்ணை மூடினால் வந்து நின்றன. நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண் அவருக்கு மிச்சமிருக்கும் நாட்களின் கணக்குப் போலவே ஆகிவிட்டது.

பரமத்தி சுப்பையன் போன வருஷமே தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். போர் போடும் ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது, பையன் நல்லவன், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. படிப்பு முடியட்டும் என்று தங்கசாமிதான் தட்டிக்கழித்திருந்தார். இப்போது அவரே பஸ் ஏறிப் போனார். சுப்பையன் சந்தோஷப்பட்டார், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"படிப்பை இத்தோட நிறுத்திக்கலாமுங்க. எங்க ஊட்டுல அவ வேலைக்குப் போயா ஆகோணும்?"

தங்கசாமி சரி என்றார். லேப்பில் கொடுத்த தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. நெஞ்சு நோய்க்காரன் வீடு என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

சாரதாமணி அழுதாள். "டாக்டர் வந்துரட்டும்ப்பா. பத்து நாள் பொறுங்க" என்று கெஞ்சினாள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரிங்கப்பா, உங்க இஷ்டம்" என்றாள். ஐப்பசி பிறந்த ஐந்தாம் நாள் இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டார்கள். அது மாற்றியாயிற்று என்றால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. பின்வாங்கினால் பேச்சு பெண் தலையில்தான் விழும். சாரதாமணி ஹாஸ்டலைக் காலி செய்து பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டர் வந்தார். தாளைப் பார்த்தார், தங்கசாமியைப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலைல என்ன சாப்ட்டீங்க?"

"ஒருசந்திங்க. ஒண்ணுமில்லீங்க."

"ஒருசந்தின்னா பால் குடிச்சிருப்பீங்களே?"

"பால் குடிச்சனுங்க. பழம், தேங்காய்..."

டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார். "கொலஸ்ட்ரால் ஒரு வேளை சாப்பாட்டுல பெருசா மாறாதுங்க. டிரைகிளிசரைடு அப்படியில்ல. தின்ன கொழுப்பும் சக்கரையும் கொஞ்ச நேரத்துல ரத்தத்துல வந்து நிக்கும். அதுக்குத்தான் பன்னெண்டு மணி நேரம் தண்ணியைத் தவிர ஒண்ணும் கூடாதுங்கறது. நீங்க காலைல குடிச்ச பாலைத்தான் அவங்க அளந்து குடுத்திருக்காங்க. இன்னொருக்காப் பாருங்க."

செவ்வாய்க்கிழமை, எந்தச் சாமிக்கும் விரதம் இல்லாத நாளில், முந்தின நாள் சாயங்காலத்தோடு வாயைக் கட்டிக்கொண்டு தங்கசாமி மறுபடி சேலம் போய் ரத்தம் கொடுத்தார். கொலஸ்ட்ரால் இருநூற்று ஐந்து. டிரைகிளிசரைடு நூற்று நாற்பத்தெட்டு. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்குவதும் சரியாகிவிடும் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

தாளைப் படித்ததும் சாரதாமணி தகப்பனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளுடைய சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப பரமத்திக்காரங்ககிட்டச் சொல்லிறலாமாப்பா? படிப்பு முடிய இன்னும் ஒண்ணரை வருஷந்தானுங்கப்பா."

"நாளைக்கே போயிட்டு வாரேன் சாமி."

போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சுப்பையன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அச்சாகி வந்த பத்திரிகையை விரித்துக் காட்டினார். "உங்க வாக்கு ஒண்ணு போதும்னுதானுங்க உடனே அடிச்சுப்போட்டோம்" என்றார். ஏன் இப்போது வேண்டாம் என்று அவர் கேட்டால், அன்றைக்கு ஏன் அவசரப்பட்டு வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சாகப்போகிறோம் என்று பயந்து, அதை மறைத்து, பெண்ணை உங்கள் தலையில் கட்டப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? தங்கசாமி காபியைக் குடித்தார். பந்திக்கு எத்தனை இலை என்று பேசினார். பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. சாரதாமணி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"பத்திரிகை அடிச்சுட்டாங்க சாமி."

அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்புறம், குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நீங்க செத்துப் போயிருவீங்கன்னுதாம்ப்பா நான் சரின்னேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள். ஒரு நோயும் இல்லாத தங்கசாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.