ஏறிப் போனார் என்று சொன்னேன்

என் சித்தப்பா மகன் அடைக்கலத்துக்கு வரவிருந்த மூன்று சக்கர ஸ்கூட்டரை வரவிடாமல் செய்தவன் நான்தான். வேறு யாரும் இல்லை. பொறாமையில் செய்தேன்.

சொல்லிவிட்டேன்... இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பிழையைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

நான் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குன்றாண்டார்கோவில் பக்கம் வந்து ஹாலோ பிளாக் பட்டறைக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். பதினோரு வயதில் கல்குவாரியில் சல்லி சுமந்தவன். சும்மாடு வைத்த உச்சந்தலையில் இன்றைக்கும் முடி முளைக்காது. எவன் தயவும் இல்லாமல் பட்டறை போட்டேன். இரண்டு டிராக்டர், மாடி வீடு, மூன்று மகள்களுக்கும் ஊர் மெச்சக் கல்யாணம்! கிராம சபைக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி என்னுடையது. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

அடைக்கலம் என்னைவிட நான்கு வயது இளையவன். புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தான். பன்னிரண்டு வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலிதான். அவன் மனைவி சிவகாமி தள்ளிக்கொண்டு போவாள்.

அவன் மேலா பொறாமை என்று கேட்பீர்கள். கேளுங்கள்! நானும் என்னைக் கேட்டுப் பார்த்தவன்தான்.

அவன் பத்தாவது தேறியவன். விழுந்த பிறகு மனு எழுத உட்கார்ந்தான். ஊனமுற்றோர் உதவித்தொகை, அடையாள அட்டை, காது மெஷின், வலிப்பு மாத்திரை... எது வேண்டுமானாலும் அவனிடம்தான் வருவார்கள். நிற்க முடியாதவன் வாசலில் நாலு ஊர் சனம் நின்றது! பக்கத்து வீடு என்னுடையது. கிரானைட் பதித்த படி. அந்தப் படியோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குள் போவார்கள். என்னைப் பார்த்தால் ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் படியை ஒட்டிச் சாய்தளம் கட்டினார்கள். அவன் எழுதிய மனுவால் வந்தது. கல் முழுவதும் நான் சும்மா கொடுத்தது. திறந்த அன்று ஊராட்சித் தலைவியம்மா மைக்கைப் பிடித்து, “இது அடைக்கலம் மாமாவால வந்துச்சு. தனக்குன்னு கேக்காம ஊருக்குன்னு கேட்டாக” என்றார். ஒரே கைதட்டல்!

எனக்குப் பின்னால் இருந்தவன் குனிந்து, “என்ன பெரியவரே, கல்லு ஒங்களுது, பேரு அவருதா?” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த கிராம சபையில் அவன் போய்வர ஒரு ஸ்கூட்டர் கொடுக்கும்படி அரசாங்கத்துக்குப் பரிந்துரைத் தீர்மானம் வந்தது. பின்பக்கம் இரண்டு சக்கரம் வைத்து, கையாலேயே ஓட்டுகிற வண்டி. அதற்கு முதலில் கை தூக்கியவன் யார் தெரியுமா? நான்! “போடுங்க தீர்மானத்த! என் தம்பிக்கு இல்லாம வேற யாருக்கு?” என்று தெருவரைக்கும் கேட்கக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அரித்தது. வண்டி வந்தால் அவனே கீரனூர் போவான், கலெக்டர் ஆபீஸ் போவான்... சிவகாமி தள்ளும்போதே இத்தனை பேர். தானாக ஓட ஆரம்பித்தால்? என் படியோரம் செருப்பு வைக்க இடம் இருக்குமா?

ஒரு நாள் காலையில் வண்டி கொடுப்பது பற்றிய விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்தது. வெளியூர்ப் பெண். கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அடைக்கலம் வீடு பூட்டிக் கிடந்தது. அந்தாண்டை வீட்டுக்காரன் துபாயில். அதனால் என்னிடம் வந்தது.

“ஐயா, அடைக்கலம்னு இருக்காருல்ல, எங்க போயிருக்காரு?”

“கீரனூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்காரும்மா. உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா?”

“வேணாங்கய்யா. அவரு எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்காரு.”

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பற்றி யார் கேட்டாலும் “நல்லா இருக்காக” என்றுதான் சொல்வோம். நாக்குக் குழறிக் கிடக்கிறவரைக் கேட்டாலும் அதுதான். முடியவில்லை என்று சொன்னால் நாமே வாய் வைத்து நோயைக் கூட்டியது மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதனால் அந்தச் சொல்லுக்காக என்னைத் தூக்கில் போட முடியாது.

அடுத்த சொல்லுக்குப் போடலாம்.

“எதுல போனாரு?” என்று கேட்டது அந்தப் பெண்.

“ஆட்டோவுல ஏறிப் போனாரு.”

ஏறி! ஒரு மணி நேரம் முன்னால் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதே நான்தான். ஆட்டோக்காரன் கக்கத்தில் கை கொடுத்தான். கால் பக்கம் நான். இடுப்பில் படுக்கைப் புண், அதற்கு மருந்து கட்டப் போனான். அந்தக் கால்கள் எவ்வளவு லேசாக இருந்தன என்று என் கைக்குத் தெரியும். ‘ஏத்திவிட்டோம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு அதற்குத்தான் புரண்டது. நான்தான் நிறுத்தினேன்... நிறுத்தி, ‘ஏறி’ என்றேன். தெரிந்தே சொன்னேன்!

“அப்ப போக்குவரத்துக்குச் சிரமம் இல்லைங்களா?”

“எங்கிட்டும் போயிட்டுதான் வாராரு.”

அந்தப் பெண் விரலால் தட்டிப் பதிந்துகொண்டு போனது. அடைக்கலம் பெயர் பட்டியலில் கீழே இறங்கியது. வண்டி வேறு ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குப் போனது. அவளும் கால் விளங்காதவள்தானே என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதம் தாங்கியது அந்தச் சமாதானம்.

அப்புறம் சிவகாமிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் தள்ளிய கை! ஆட்டோ நிற்கிற முக்குவரைக்கும் அவளால் தள்ள முடியவில்லை. மருந்து கட்டப் போவது வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது, மாதத்துக்கு ஒன்றாயிற்று. புண் ஆழமாகிவிட்டது. “மச்சான், வேட்டியெல்லாம் புண்ணுத் தண்ணி வடியுது” என்று அவள் என் வீட்டுக்காரியிடம் பழந்துணி கேட்க வந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நீயே ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கேட்டேனே! நாலு பேர் இருக்கும்போது, அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே கேட்டேன். “வேணாம்ண்ணே” என்றான். “நான் நல்லா இருக்கேன்னு எழுதி வச்சிருக்காக. அத அப்படியே விட்டுட்டா நாளைக்கு உதவித்தொகைக்கும் அதத்தான் காட்டுவாக. பேப்பர்ல திருத்தணும்.” அதற்கும் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் வண்டியைவிட அவன் ‘வேணாம்’ பெரிதாகிப் போயிற்று!

நான் சொன்னது பதிவாகியிருந்த விசாரணைக் குறிப்பின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினான். போன மாதம் என்னைக் கூப்பிட்டுவிட்டான். உள்ளே மனுவுக்கு வந்த ஐந்தாறு பேர். அவன் ஒருக்களித்துப் படுத்தபடி புது மனுவைப் படித்தான்.

“ஐயா, எங்கள் ஊரில் நோயாளியை நன்றாக இருக்கிறார் என்று சொல்வதே மரியாதை. என் அண்ணன் பாசத்தால் அவ்வாறு கூறிவிட்டார். மேலும், என்னை ஆட்டோவில் ஏற்றியதாக அவர் கூறியது, ஏறியதாகத் தவறிப் பதிவாகியிருக்கிறது. எழுத்து மாறியதைத் திருத்தி...”

நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“சரிதானேண்ணே? ஏத்துனோம்னுதானே சொன்னீங்க?”

எல்லாக் கண்ணும் என் மேல். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது...

“ஆமாப்பா. ஏத்துனோம்னுதான் சொன்னேன்.”

“அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

போட்டேன். பேனாவை வாங்கிக்கொண்டு, “காப்பித் தண்ணி ஏதும் குடிச்சீங்களாண்ணே?” என்றான். பக்கத்தில் ஒரு கிழவர், “என்ன மாதிரி எழுதிப்புட்டான் பாரு! இந்தத் தலைக்கு ஈடு இந்தச் சுத்துவட்டாரத்துல இல்ல” என்றார். அவனுடைய புண்ணின் வாடை என் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அந்த வார்த்தைக்கு என் வயிறு எரிந்தது. எரிந்தது என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எரிந்தது.

மனு போயிருக்கிறது. பதில் வரவில்லை.

அவனுக்குத் தெரியுமா? எழுத்து மாறியது என்று நம்பித்தான் எழுதினானா, அல்லது எல்லாம் தெரிந்து, நான் ஒளிந்துகொள்ள அவனே ஓர் இடம் கட்டிக் கொடுத்தானா? கோயிலில் நின்று நான் இப்போது வேண்டுவது ஒன்றுதான்: அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அவமானத்துக்குப் பயந்து வேண்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தும் அப்படி எழுதியிருந்தான் என்றால், அங்கேயும் அவன் என்னைவிடப் பெரியவனாகிவிடுவான்... அதை என்னால் தாங்க முடியாது.