பால் டின்னில் ஒரு கீறல்

என் கணவரின் மாமன் மகளை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. முதலில் அவருக்கென்று பேசி வைத்திருந்த பெண் அவள்; ஏதோ சண்டையில் பேச்சு முறிந்து, நான் வந்து சேர்ந்தேன். வேறு தோட்டத்தில் இருந்தவரை கவலையில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் சின்ன ரப்பர் தோட்டத்து ஆட்களையெல்லாம் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்தபோது, விதவையாகியிருந்த அவள் எங்கள் எதிர் லயத்து வீட்டில் வந்து இறங்கினாள். அத்தனை லயம் இருக்க அவளுக்கு அங்கேதானா இடம் கிடைத்தது!

அதற்குப் பிறகுதான் அவருக்குக் காலில் ரத்தம் கட்டியது. மறுபடி உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். "கீரை இந்த மருந்தோட வேலையைக் கெடுக்கும்மா. வழக்கமா சாப்பிடுறதைக் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றார் டாக்டர். நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். வீட்டில் கீரை என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு முறை ரத்தம் சோதித்து, "அளவு சரியா நிக்குது" என்று டாக்டர் சொல்லும்போதும் என் பத்தியத்தை நினைத்து எனக்குத் தலைகால் புரியாது.

நான் வேலிக்கு வெளியே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவேன். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, கேட்டில் சோதித்து, ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே விடமாட்டார்கள். அவருக்கு வேலிக்குள்ளேயே ஸ்டோரில் உட்கார்ந்த வேலை. மத்தியானம் பொதுச் சமையல்கூடத்தில் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மழையால் வேலை நின்று சீக்கிரம் திரும்பினேன். சிரித்துக்கொண்டே எதிர் லயத்திலிருந்து வந்தார். பல்லிடுக்கில் முருங்கைக்கீரை. வேலி போட்டபோது வெட்டியது போக மிஞ்சிய ஒரே முருங்கை, அவள் வீட்டுக்குப் பின்னால் நின்றது.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாளா. வெறும் சோத்தைத் திங்கிறேனேன்னு தினம் ஒரு பிடி வதக்கிக் குடுக்குது. கீரைதான் லா, இதுல என்ன?"

"இனிமே அந்த வாசப்படியை மிதிச்சா, இந்த வாசப்படி உங்களுக்கு இல்ல."

நிறுத்திவிட்டார். வெகுநாள் எரிந்துகொண்டிருந்த என் வயிறு கொஞ்ச நாள் குளிர்ந்து கிடந்தது.

பிறகு ஒரு காலையில் பல் துலக்கித் துப்பினார். சிவப்பு. அதே பல்லிடுக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மாத்திரை அதேதான். சாப்பாட்டுல என்னம்மா மாறிச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் வாயில் பஞ்சு. கண் என் மேல். சொல்ல வேண்டியவள் நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தினம் மத்தியானம் இன்னொருத்தி வீட்டுல கீரை தின்னாரு. நான் நிறுத்திட்டேன்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தக் கீரையையும் சேர்த்துத்தாம்மா மருந்து அளவு அமைஞ்சிருக்கு. அது நின்னதும் மருந்து மீறிப்போச்சு. தேறினதும் அதே கீரை, அதே அளவு குடுங்க."

அத்தனை நாள் டாக்டர் மெச்சியது அவள் கீரையை. நான் அல்லவா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

அவள் வாசலில் போய் நின்றேன். "இலை மட்டும் குடு. நானே சமைச்சுக்கிறேன். எவ்வளவு?"

"ஒரு பிடிதான், அக்கா."

நான் அள்ளினேன். அவள் என் கையைப் பார்த்தாள். என் கை சின்னது; அவளுடையது நல்ல அகலம். கொண்டுபோயிருந்த காலிப் பால் டின்னை நீட்டினேன். அவள் ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இலை நின்ற இடத்தில் மரம் வெட்டும் கத்தியால் ஒரு கீறல் போட்டேன்.

அவசரகாலம் முடிந்ததும் அவள் சபாக் ஊர்ப் பக்கம் போய்விட்டாள். போகும்போது எனக்கு முருங்கைக் கொப்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அது தழைத்தது. டின் துருப்பிடித்தபோது, புது டின்னைப் பக்கத்தில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதே உயரத்தில் மறுபடி கீறினேன். கடைசிவரை அவர் என் சமையலைத்தான் சாப்பிட்டார், அவள் கைப்பிடி அளவில்.